சாமி படம், சீனரி, போட்டோ: சுவரில் மாட்டிய அச்சுகள் குறித்து

1

திருநெல்வேலி டவுனில் படத்துக்குச் சட்டம் போடும் கடைகளில் உலகத்துப் படங்கள் எல்லாமே மூன்று வகைக்குள் அடங்கிவிடும். சாமி படம், சீனரி, போட்டோ. சாமி படத்துக்குப் பொன்னிறச் சட்டம். சீனரிக்குக் கறுப்பு அல்லது காப்பிக் கலர். போட்டோவுக்கு, ஆள் இருக்கிறாரா போய்விட்டாரா என்பதைப் பொறுத்து. அழகியல் பற்றி நாம் எழுதிக் குவித்த பக்கங்களில் இவ்வளவு தெளிவான வகைப்பாடு வந்ததாக எனக்கு நினைவில்லை.

பெருமாள்புரத்தில் புது வீடு கட்டிய நண்பர் ஒருவருக்காக அந்தக் கடைகளில் ஒன்றுக்குப் போயிருந்தேன். நண்பர் தீவிரமான வாசகர். பல போராட்டங்களில் கூட நின்றவர். அவர் வாங்கி வைத்திருந்தது ஹொகுசாய் வரைந்த பேரலைப் படத்தின் பிரதி. கடைக்காரர் அதை விரித்து அளந்தார். "சீனரிதான, அண்ணாச்சி? கறுப்பே போட்டுருவோம்" என்றார். பிறகு குனிந்து பார்த்துவிட்டு, "படகுல ஆளு இருக்கு, பாத்தியளா? எல்லாவனும் குப்புறல்லா கெடக்கான்" என்றார்.

நண்பர் அந்தப் படத்தை மூன்று வருடமாகச் சுருட்டி வைத்திருந்தவர். ஆட்களைப் பார்த்ததில்லை. "சுனாமி படம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அது சுனாமி அல்ல, நடுக்கடலில் எழும் அலை. அலைக்கு அடியில் மூன்று படகுகள் இருக்கின்றன. எதோ நகரத்துச் சந்தைக்குப் புது மீனை விரைவாகக் கொண்டு சேர்க்கும் படகு வகை அது. ஒவ்வொன்றிலும் துடுப்பைக் கட்டிப் பிடித்தபடி கூலித் துடுப்புக்காரர்கள் குனிந்து கிடக்கிறார்கள். கடைக்காரரை இதற்காக ஞானியாக்கும் உத்தேசம் எனக்கில்லை. சட்டம் போடுகிறவர் படத்தின் ஓரத்தைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். ஓரத்தைப் பார்க்கிறவருக்கு ஆள் தெரிவான். அவ்வளவுதான் விஷயம்.

படம் நண்பர் வீட்டுக் கூடத்தில் ஏறியது. அடுக்களையில் ஏற்கெனவே ஒரு படம் இருந்தது. நகைக்கடை கொடுத்த காலண்டர், அதில் மயிலோடு நிற்கும் பால முருகன். 'ரெண்டு அச்சுப் படமும் ஒரே வீட்டில்தானே இருக்கு' என்று விளையாட்டாகச் சொன்னேன். "அது கலை, இது காலண்டர்" என்றார் அவர். யோசித்துச் சொன்ன பதில் இல்லை; யோசிக்கத் தேவையே இல்லாத பதில். கருத்தியல் என்பது வேறென்ன? இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கான மறுப்பு. அந்தக் கலையே காலண்டராகப் பிறந்ததுதான் என்பது என் தரப்பு.

2

ஜப்பானில் 'உகியோ-எ' என்று சொல்லப்படும் மரப்பலகை அச்சுப் படங்களில் பலவண்ண அச்சு 1765ஆம் ஆண்டை ஒட்டித்தான் முழுமை பெறுகிறது. சுசுகி ஹருநோபு என்ற ஓவியரின் பெயரோடு அது இணைத்துப் பேசப்படும். அந்த வண்ணப் பெருக்கத்துக்கு உடனடிக் காரணம் புத்தாண்டுக் காலண்டர்.

அன்றைய ஜப்பானிய ஆண்டு சந்திர மாதக் கணக்கு. சில மாதங்களுக்கு 30 நாள், சிலவற்றுக்கு 29 நாள். எது பெரிய மாதம், எது சின்ன மாதம் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். வட்டிக் கணக்கு, கடன் தவணை எல்லாம் மாதக் கடைசியோடு சம்பந்தப்பட்டவை, ஆகவே அது எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும். ஆனால் காலண்டர் அச்சடிக்கும் உரிமை அரசு அனுமதித்த சிலருக்கு மட்டும். வசதியுள்ள கவிதை வட்டத்துக்காரர்கள் (நம் பாஷையில் சொன்னால் ஒருவிதச் சிறுபத்திரிகைக் கூட்டம்) இதற்கு ஒரு வழி கண்டார்கள். மாத எண்களைப் பெண்ணின் உடைப் பூவேலைக்குள்ளும் துணிக்கொடியில் உலரும் ஆடையின் மடிப்புக்குள்ளும் ஒளித்து வைத்த படங்களைச் செலவு பார்க்காமல் வரையச் சொல்லித் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டார்கள். போட்டி முற்ற முற்ற வண்ணமும் கூடியது.

அடுத்து நடந்ததுதான் நமக்கு முக்கியம். பதிப்பாளர்கள் அதே பலகைகளை வாங்கி, மாத எண்களையும் செலவு செய்தவரின் பெயரையும் செதுக்கி நீக்கிவிட்டு, படத்தை மட்டும் கடையில் விற்றார்கள். நம் வீடுகளில் வருடம் முடிந்ததும் என்ன செய்கிறோம்? தேதிக் கட்டையும் கடைப் பெயரையும் கத்தரித்துவிட்டு முருகனை மட்டும் சட்டம் போடுகிறோம். எதோ நகரத்துப் பதிப்பாளன் உளியால் செய்ததை அடுக்களையில் நம் அம்மாமார் கத்தரிக்கோலால் செய்தார்கள். முன்னது கலை வரலாறு ஆகிவிட்டது. பின்னது 'ரசனைக் குறைவு' ஆகிவிட்டது.

சட்டம், கண்ணாடி, அருங்காட்சியகம் எல்லாம் இந்தப் படங்களுக்குப் பின்னால் வந்தவை. சாதாரணச் சாப்பாட்டுக்கு ஆகும் காசில் வாங்கி, சுவரிலும் திரையிலும் ஒட்டி, அழுக்கானால் கிழித்துப் போட்டவை இவை. ஒரு சாணுக்கும் குறைந்த அகலம், இரண்டடிக்கு மேல் உயரம் என்று ஒரு வகை உண்டு. வீட்டு மரத் தூணில் மாட்டுவதற்கென்றே அச்சானது. இன்று மிஞ்சியிருக்கும் தூண் படங்களில் பலவும் புகையேறிப் பழுப்படித்தவை. நம் அடுக்களைக் காலண்டருக்கு வரும் அதே பழுப்பு. 'வீட்டு அலங்காரம்' என்பது இந்த அச்சுகளுக்கு நேர்ந்த வீழ்ச்சி அல்ல; அதற்காகத்தான் அவை பிறந்தன. 'தூய கலை'தான் அவற்றுக்கு நேர்ந்த விபத்து.

அந்த விபத்து எங்கே நடந்தது என்பதும் தெரிந்த கதைதான். 1867 பாரிஸ் கண்காட்சிக்குப் பிறகு அய்ரோப்பியர் இவற்றைப் பரவலாகச் சேகரித்தார்கள். வான்கோ நூற்றுக்கணக்கில் வாங்கினார். தூரம் அச்சைக் கலையாக்கியது. 1831 வாக்கில் ஆயிரக்கணக்கில் அச்சான பேரலையின் ஒரு பிரதி 2023 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் 27 லட்சம் டாலருக்கு மேல் போனது. 2024இல் ஜப்பானின் புதிய ஆயிரம் யென் நோட்டின் பின்பக்கத்தில் அதே அலை அச்சாகியிருக்கிறது. ஆக, அது மறுபடியும் எல்லோர் கையிலும் புழங்கும் அச்சாகிவிட்டது, பணமாக.

'பாரம்பரிய ஜப்பானியக் கலை' என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். பேரலையின் அந்த ஆழ்ந்த நீலம் அய்ரோப்பாவில் கண்டுபிடிக்கப்பட்டு வணிகர் வழியாக இறக்குமதியான ரசாயனச் சாயம். தூரத்தில் ஃபூஜி மலை சின்னதாகி அலை பெரிதாகும் பார்வைக் கோணமும் மேற்கத்திய அச்சுகளிலிருந்து பழகியது. கலப்படம் இல்லாத பாரம்பரியம் கடைக்காரன் ஒட்டும் லேபிள்.

3

லேபிள் என்றதும் நம் ஊர்க் கதைக்கு வர வேண்டியிருக்கிறது. ஜப்பானிய அச்சுப் படம் திருநெல்வேலிச் சீமைக்கு முதலில் எந்த வழியாக வந்திருக்கும்? பெருமாள்புரத்துக் கூடம் வழியாக இல்லை. தீப்பெட்டி வழியாக.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜப்பான் தீப்பெட்டி ஏற்றுமதியில் இறங்கியது. கோபே, ஒசாகா நகரங்களிலிருந்து சீனாவுக்கும் இந்தியாவுக்கும் பெட்டிகள் வந்தன. முதல் உலகப் போரில் சுவீடன் சரக்கு தடைப்பட்டபோது இந்தியச் சந்தை பெருமளவுக்கு ஜப்பான் கைக்குப் போனது. பெட்டி மேல் ஒட்டிய லேபிள்கள் வாங்குகிற ஊருக்கு ஏற்ப வரையப்பட்டவை. யானை, புலி, கண்ணன், லட்சுமி. தொடக்க காலத்து ஜப்பானிய லேபிள்கள் பலவும் மரப்பலகையில் செதுக்கி அச்சிட்டவைதான். புகைப்படமும் கல்லச்சும் வந்து உகியோ-எ தொழில் படுத்தபோது அந்தச் செதுக்குக் கைகளுக்குக் கிடைத்த வேலைகளில் இதுவும் ஒன்று. பாரிஸ் பணக்காரர் ஹிரோஷிகேவின் மழையைச் சட்டம் போட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே கைத்தொழில் நமக்கு இரண்டு விரல் அகலத்தில் கண்ணனை அச்சடித்து அனுப்பியது. அவர்களுக்குக் கலை, நமக்கு லேபிள். சந்தை அப்போதே பந்தி பிரித்துப் பரிமாறிவிட்டது.

1922இல் இறக்குமதித் தீப்பெட்டி மேல் வரி ஏறியது. அந்தச் சமயத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் பழகித் திரும்பினார்கள். (1910இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை சிவகாசி திருநெல்வேலி மாவட்டம்தான்; கோவில்பட்டி 1986வரை.) தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்குச் சுற்றுத்தாள் வேண்டும். வெளியூரில் அச்சடித்து வாங்குவதைவிட நாமே அச்சடிக்கலாமே என்று அச்சகம் வந்தது. லேபிள் அடித்த அச்சகம் காலண்டர் அடித்தது. மழை பொய்த்த கரிசல் காட்டில் பருத்திக்கும் கம்புக்கும் மாற்றாக வந்தவை இந்த மூன்று தொழிலும்: தீ, வெடி, அச்சு. ஆற்றுப் பாசனம் இருந்த தாமிரபரணிக் கரைக்காரனுக்கு இந்த அவசியம் இல்லை. நெல் விளைந்த பூமி படத்தை வாங்கியது. நெல் விளையாத பூமி படத்தை அடித்தது. கலையின் பூகோளம் என்பது கடைசியில் தண்ணீரின் பூகோளம்தானோ என்றுகூடத் தோன்றுகிறது.

4

கோவில்பட்டி என்றால் நமக்கு எழுத்து. கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் பக்கத்து இடைசெவல்காரர்கள். பூமணி, கோணங்கி என்று வரிசை நீளும். அந்த ஊரில் ஒரு ஓவியக்கூடம் இருந்தது, அங்கிருந்து போன படங்கள் நம் எல்லோர் கதைகளையும்விட அதிக வீடுகளுக்குள் நுழைந்தன என்பதைச் சிறுபத்திரிகைகள் பொருட்படுத்தவில்லை. நமக்குக் 'காலண்டர் ஓவியம்' என்பது வசைச்சொல். ஒரு கவிதை பிடிக்கவில்லை என்றால் 'காலண்டர் ஓவியம் மாதிரி இருக்கு' என்று எழுதிவிட்டுப் போகிறோம்.

சி. கொண்டையராஜு 1898இல் சென்னையில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலை ரமணர் ஆசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் சீன் எழுதப் போனார். நாடக பாஷையில் படுதாவில் அரண்மனையும் அருவியும் தீட்டுவதுதான் 'சீன் எழுதுவது'. 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அங்கே தேவி ஆர்ட் ஸ்டூடியோ. சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம் என்று சீடர்கள். 1976இல் இறந்தார். அவரைப் பற்றித் தீவிரமாக ஆய்ந்து எழுதியவர் ஸ்டீபன் இங்கிலிஸ் என்ற கனடாக்காரர். சிவகாசிக் காலண்டர் சந்தையைப் பற்றி கஜ்ரி ஜெயினின் ஆங்கில நூல் 2007இல் வந்தது. நம் ஊர் அச்சுப் படத்துக்கும் தூரம்தான் தகுதி தர வேண்டியிருக்கிறது பாருங்கள்.

ஒரு கொண்டையராஜு படத்தை நிதானமாகப் பார்ப்போம். தேவி நேராக நம்மைப் பார்க்கிறாள். ஸ்டூடியோவில் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி, அசையாமல், உடல் முழுதும் ஒரே வெளிச்சம். நகை ஒவ்வொன்றும் தஞ்சாவூர்ப் படத்தின் கணக்கில் எண்ணி வைத்தது. பின்னால் மலை, தாமரைக் குளம், மேகம். அப்படியே நாடகப் படுதா. ஆக, சாமி படம், சீனரி, போட்டோ மூன்றும் ஒரே தாளில் ஒட்டிக்கொண்டன. டவுன் கடைக்காரரின் வகைப்பாட்டை இந்தப் படம் மட்டும் மீறுகிறது. ரவிவர்மா (1894இல் அவர் தொடங்கிய கல்லச்சகமும் வீட்டுச் சுவரை நோக்கித்தான்) தெய்வத்தை ஒரு கதையின் நடுவே நிறுத்துவார்; தமயந்தி அன்னத்தைப் பார்ப்பாள், நம்மைப் பார்க்க மாட்டாள். கொண்டையராஜுவின் தெய்வம் கதையை விட்டு வெளியே வந்து வீட்டுக்காரியைப் பார்க்கிறது. மதுரைக் கோயில் கல்தூணில் இருக்கிற மீனாட்சி திருக்கல்யாணத்தை அவர் தாளுக்குக் கொண்டுவந்தபோது, கோயிலுக்குள் எல்லோருக்கும் கிடைத்திராத ஒரு நெருக்கம் அடுக்களைக்கு வந்தது. 1939இல்தான் அந்தக் கோயிலுக்குள் தலித்துகளும் நாடார்களும் நுழைந்தார்கள் என்பதைச் சேர்த்து யோசித்தால், அச்சடித்த மீனாட்சி சுவரில் ஏறியதன் கனம் புரியும்.

இயந்திரப் பிரதி கலைப்பொருளின் ஒளிவட்டத்தை அழித்துவிடும் என்று 1936இல் பெஞ்சமின் எழுதியதை நாம் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டியிருக்கிறோம். இங்கே நடந்தது நேர்மாறு. லட்சத்தில் ஒன்றாக வந்த தாளுக்கு ஒருத்தி குங்குமம் வைத்தாள். பூச்சரம் போட்டாள். கற்பூரப் புகை காட்டினாள். அது அந்த வீட்டின் ஒரே பிரதி ஆகிவிட்டது. ஒளிவட்டம் அச்சகத்திலிருந்து வரவில்லை, அவள் கையிலிருந்து வந்தது. கூடத்தில் இருக்கும் ஹொகுசாய்க்கு யார் என்ன செய்கிறார்கள்? வாரத்துக்கு ஒருநாள் தூசி தட்டுகிறார்கள்.

5

இனி கைகளைப் பற்றி.

ஜப்பானிய அச்சில் நான்கு பேர் உண்டு. வரைகிறவர், செதுக்குகிறவர், அச்சிடுகிறவர், இவர்களை வேலை வாங்கும் பதிப்பாளர். வரைந்தவர் கொடுப்பது மெல்லிய தாளில் ஒரு கோட்டோவியம் மட்டும். அதைக் காட்டுச் செர்ரி மரப் பலகையில் ஒட்டிச் செதுக்கும்போது மூலம் அழிந்துபோகும். நிறத்துக்கு ஒரு பலகை. தாள் ஒவ்வொரு பலகையிலும் பிசகாமல் உட்கார மூலையில் ஒன்றும் ஓரத்தில் ஒன்றுமாக இரண்டு வெட்டுக் குறிகள். மூங்கில் மடல் சுற்றிய தட்டையான திண்டால் தாளின் முதுகில் தேய்த்து அச்செடுப்பார்கள். பேரலையின் நுரை விரல்கள் ஹொகுசாயின் தூரிகையில் இருந்தன, சரி. ஆனால் நாம் பார்ப்பது ஒரு செதுக்குக்காரரின் கத்தி போன வழியை. படத்தில் ஹொகுசாயின் கையெழுத்து உண்டு. செதுக்கியவர் பெயர் இல்லை. பெரும்பாலான உகியோ-எ படங்களில் நிலைமை இதுதான்.

பெயர் வைத்தவர்களுக்கும் சுகம் இல்லை. தணிக்கை முத்திரை இல்லாமல் படம் வெளிவர முடியாது. ஹிதேயோஷி என்ற பழைய அதிபதியை வரைந்ததற்காக 1804இல் உதமாரோவைச் சிறைப்படுத்திக் கையில் விலங்கிட்டார்கள். இரண்டே வருடத்தில் இறந்துபோனார். அந்த உதமாரோவின் அழகிகள் யார்? பலர் யோஷிவாரா விடுதிகளில் கடனுக்கு விற்கப்பட்ட பெண்கள். இன்று படுக்கையறைச் சுவருக்கு 'நளினமான ஜப்பானிய அழகி' என்று வாங்கி மாட்டுகிறோம். அலங்காரம் என்பது படத்தைச் சேர்ப்பது மட்டுமில்லை. படத்திலிருந்து சிலதைக் கழிப்பதும்தான்.

கூட்டு வேலை கேவலம், தனி ஆளின் படைப்பே கலை என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டில் ஜப்பானுக்குள்ளும் வந்தது. 'தானே வரைந்து தானே செதுக்கித் தானே அச்சிடுவது' என்று ஓர் இயக்கம். 1904இல் யாமமோத்தோ கனாயே செய்த மீனவன் படம் அதன் தொடக்கமாகச் சொல்லப்படும். அதே சமயம் வதனபே என்ற பதிப்பாளர் பழைய நால்வர் முறையைத் தூசிதட்டி எடுத்து அமெரிக்க வீடுகளுக்கு அழகான பனிக்காட்சிகளை ஏற்றுமதி செய்தார். ஒரு பக்கம் படைப்பாளி என்ற தனிமனிதப் பிரமை, இன்னொரு பக்கம் ஏற்றுமதிச் சந்தை. இந்த இரண்டுக்கும் நடுவில் செதுக்குக்காரர் மறுபடி காணாமல் போனார். இதைப் படித்தபோது எனக்கு ஜப்பான் ஞாபகம் வரவில்லை, நம் சிறுபத்திரிகைகள்தான் ஞாபகம் வந்தன. 'படைப்பாளி' என்ற சொல்லைக் கட்டுடைத்துப் பக்கம் பக்கமாக எழுதுவோம். அட்டைப் படத்தை வரைந்தவர் பெயரைப் போடுவோம். அச்சுக் கோத்தவர், பைண்டு செய்த பெண்கள் பெயரை எந்த இதழில் போட்டோம்?

சிவகாசியிலும் இதே வரிசைதான். ஓவியர் எழுதிய மூலம் அச்சகத்துக்குப் போகும். அங்கே நிறம் பிரிக்கிறவர், புள்ளி வைத்துத் திருத்துகிறவர், எந்திரம் ஓட்டுகிறவர், ஓரம் வெட்டுகிறவர். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடத்து ஆல்பம் வெளியாகும். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். கடைசியில் படத்தின் அடியில் இருக்கிற பெயர் நகைக்கடைக்காரருடையது. முருகனை யாரோ வரைந்தார், யாரோ அடித்தார், கொடுத்தவர் நகைக்கடைக்காரர்.

லேபிளுக்கு வந்தால் இன்னும் மோசம். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் லேபிள் ஒட்டுவதும் நெடுங்காலம் பெண்கள் வேலை, பெண் பிள்ளைகள் வேலை. விடியுமுன்னே பஸ் வந்து கிராமத்துப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலத்தைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பூமணி 'கருவேலம் பூக்கள்' எடுத்தார். உகியோ-எ செதுக்குக்காரருக்காவது பட்டறையில் ஒரு இடமும் தொழில்காரர் என்ற மதிப்பும் இருந்தன. பசையில் விரல் ஊற ஊறக் கண்ணனையும் லட்சுமியையும் ஒட்டித் தள்ளிய பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன இருந்தது? இன்று அந்தப் பழைய லேபிள்களை ஆல்பத்தில் சேகரிக்கிறார்கள். பெரிதாக்கி அச்சடித்துச் சட்டம் போட்டு, 'பழமையான' அலங்காரம் என்று விற்கிறார்கள். உண்மையிலேயே அழகாகத்தான் இருக்கிறது. அழகாக இருப்பதுதான் பிரச்சினை.

6

இவ்வளவும் சொன்னது ஹொகுசாயை இறக்கிவிட்டுக் கொண்டையராஜுவை ஏற்றுவதற்காக இல்லை. தலைகீழாக்கினால் படிநிலை ஒழிந்துவிடாது. ஏறி நிற்பவர் மாறுவார், அவ்வளவுதான்.

கோவில்பட்டிப் படங்கள் செய்த காரியம் ஒன்றை மறைக்கக் கூடாது. தாமிரபரணிக் கரையில் காரையாறு சொரிமுத்து அய்யனாரிலிருந்து ஊர் ஊருக்கு இருக்கிற சுடலைமாடன், இசக்கி, முண்டன்வரை எத்தனையோ சாமிகள். சுடலைக்குப் பல ஊர்களில் முகம் கிடையாது. சுண்ணாம்பு அடித்த ஒரு பீடம், அவ்வளவே. முகம் வில்லுப்பாட்டில் இருந்தது, கொடையன்று சாமியாடியின் உடம்பில் இருந்தது. ஆண்டுக்கு ஒருநாள் வந்து போகும் முகம் அது; மாட்டி வைக்க முடியாது. அச்சுச் சந்தைக்கு அது உதவாது. அதற்கு நிலையான முகம் வேண்டும். வந்த முகம் எப்படி இருந்தது? வெளுத்த நிறம், குழந்தைக் கன்னம், ரோஜா உதடு. பலி வாங்கும் சாமி சுவருக்கு வந்தால் சைவமாகத்தான் வர வேண்டியிருந்தது. பிற்பாடு சுடலைக்கும் இசக்கிக்கும் படம் அச்சானபோதுகூட அந்தக் கன்னமும் கண்ணும்தான் அச்சு வார்ப்பாக இருந்தன. கோயிலுக்குள் விடாத மீனாட்சியை அடுக்களைக்குக் கொண்டுவந்த அதே அச்சு, அடுக்களைக்குள் இருந்தவர்களின் சொந்தச் சாமியைக் கூச்சப்பட வைத்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிய வேண்டும்.

ஆனால் சுவர் சாமிக்கு மட்டும் சொந்தமில்லை. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி, 1990களில், தென் மாவட்டத்துத் தலித் குடியிருப்புகளில் அம்பேத்கர் படமும் இம்மானுவேல் சேகரன் படமும் பரவலாகச் சுவர் ஏறின. அதே வண்ண அச்சு, அதே பளபளப்பு. கோட்டு சூட்டில், நேராகப் பார்க்கும் பார்வை. கொண்டையராஜு தெய்வத்துக்குக் கற்றுக்கொடுத்த பார்வைதான் அது. இதைக் 'காலண்டர் ரசனை' என்று எந்த விமர்சகர் சொல்லத் துணிவார்? அந்தச் சுவரில் அந்தப் படம் அலங்காரம் இல்லை, பிரகடனம்.

வீட்டுச் சாமானுக்கு என்ன அரசியல் என்று கேட்பவர்கள் 1995 ஆகஸ்ட் 31ஐ நினைத்துக்கொள்ளட்டும். அன்று கொடியன்குளத்தில் நுழைந்த போலீஸ், வீடு வீடாகப் புகுந்து டி.வி.யையும் மின்விசிறியையும் பாத்திரத்தையும் உடைத்தது. வளைகுடா நாட்டில் உழைத்து அனுப்பிய காசில் வாங்கிய பொருள்கள் அவற்றில் உண்டு. அடிக்க வந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது: ஒரு தலித் வீடு அழகாக இருப்பதே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தைத்தான் அழிக்க வந்தார்கள். நம் அழகியல் கோட்பாடுகளைவிட அவர்களுக்கு இது தெளிவாகவே புரிந்திருந்தது.

7

ஆகவே நண்பரிடம் நான் சொல்வது படத்தைக் கழற்று என்பதல்ல. அலை இருக்கட்டும், நல்ல படம். காலண்டரைக் கூடத்துக்குக் கொண்டுவா என்றும் சொல்ல மாட்டேன். பத்தமடைப் பாயைத் தரையிலிருந்து எடுத்துச் சுவரில் மாட்டி 'நாட்டார் கலை' ஆக்குகிற அதே மேட்டிமைதான் அதுவும். பாயில் படுக்க வேண்டும். காலண்டரில் தேதி பார்க்க வேண்டும். 'அது கலை, இது காலண்டர்' என்ற வாக்கியத்தை மட்டும் விட்டுவிட வேண்டும் என்கிறேன். விட்டால்தான் அடுத்த கேள்வி வரும்: இரண்டையும் யார் செய்தார்கள்?

அந்தக் கேள்விக்கு ஜப்பான் விஷயத்தில் ஓரளவு பதில் இருக்கிறது. அவர்கள் பலகைகளைப் பாதுகாத்தார்கள், பட்டறை முறைகளை எழுதி வைத்தார்கள். இன்றும் பலகை செதுக்கிக் கையால் அச்சிடுகிற பட்டறைகள் அங்கே நடக்கின்றன. நம்மிடம்? புள்ளி வைத்து நிறம் திருத்தியவர்கள் கணினி வந்ததும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது. லேபிள் ஒட்டிய பெண் பிள்ளைகளுக்குப் பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. கோவில்பட்டி திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். டோக்கியோவைப் பற்றி மொழிபெயர்ப்பதற்கு நாம் செலவிடும் உழைப்பில் கால்வாசி போதும். போய் உட்கார்ந்து, எந்தப் படத்தில் எந்தக் கை என்று கேட்டு எழுதிக்கொண்டு வரலாம். அடுத்த இதழ்களில் அதைப் போடலாம். அந்த இதழ்களின் பின்னட்டையில் அச்சிட்டவர், வெட்டியவர், தைத்தவர் பெயர்களையும் போடலாம்.

சட்டத்துக்குக் கடைக்காரர் வாங்கிய கூலி நானூறு ரூபாய். பார்சல் கட்டும்போது கடைசியாக ஒன்று கேட்டார்: "அண்ணாச்சி, இவனுவ கரை சேந்தானுவளா?" எனக்குத் தெரியவில்லை. படத்தில் அது இல்லை.